ஓசூரில் வைரஸ் எதிர்ப்புச் சோதனை: ஒன்பது மஞ்சள் நிறப் பொடிகளோடு என் அனுபவம்

தருமபுரியில் காலை ஆறேகாலுக்கு ஓசூர் பேருந்து ஏறியபோது மடியில் ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வைத்திருந்தேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் பக்கத்தில் இருந்த அம்மா, "சாப்பிடலையா கண்ணு, ஆறிடப் போகுது" என்றார். உள்ளே இருந்தவை ஒன்பது சின்னக் கண்ணாடிக் குப்பிகள், இடையில் பஞ்சு. ஒவ்வொன்றிலும் 25 மில்லிகிராம் பொடி. வெளிர் மஞ்சளில் ஆரம்பித்துச் செங்கல் நிறம் வரைக்கும் ஒன்பது நிறம். மூன்றரை வருட வேலை அது. கூரியரில் போட மனசு வரவில்லை.

நான் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் வேதியியல் எடுக்கிறேன், பகுதிநேரமாகப் பிஎச்.டி. செய்கிறேன். புதுச் சேர்மம் தயாரிப்பது வரை நம் ஊர்க் கல்லூரியிலேயே முடித்துவிடலாம். அது வைரஸைத் தடுக்கிறதா, எதிர்ப்புசக்தியைத் தூண்டுகிறதா என்று பார்க்கச் செல், அதாவது உயிரணு, வளர்க்கும் வசதி வேண்டும். எங்களிடம் இருப்பது புகையை வெளியே இழுக்கும் ஒரு ஃபியூம் கப்போர்டு, அதிலும் விசிறி ஓடாது. காசு கொடுத்து வெளியேதான் சோதிக்க வேண்டும். அப்படிக் கொடுத்த அனுபவம்தான் இது. இரண்டு ஆய்வகங்கள் வரும், இரண்டின் பெயரையும் எழுதப் போவதில்லை. ஒன்றைத் திட்டப் போகிறேன், இன்னொன்றைப் பாதி திட்டப் போகிறேன்.

ஏன் இந்தப் பொடிகள் என்று கேட்டால், காரணம் சென்னை. ஐசாட்டின் என்று ஒரு பொருள், அவுரி நீலத்திலிருந்து முதலில் எடுத்தது. அதைத் தயோசெமிகார்பசைடு என்ற கந்தகச் சேர்மத்தோடு சேர்த்து ஆல்கஹாலில் கொதிக்கவைத்து, நாலு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டால் மஞ்சளாகத் திரண்டு விழும். இந்தக் குடும்பத்தில் மெத்திசசோன் என்று ஒரு மருந்து இருந்தது, வணிகப் பெயர் மார்போரான். 1963-இல் சென்னையில் பெரியம்மை நோயாளிகளோடு பழகியவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து எடுத்த 1,101 பேரில் 3 பேருக்குத்தான் அம்மை வந்தது. எடுக்காத 1,126 பேரில் 78 பேருக்கு வந்தது, அதில் 12 பேர் இறந்தார்கள். வாந்தி பெரிய தொல்லையாக இருந்திருக்கிறது. பின்னால் நடந்த ஆய்வுகளில் இவ்வளவு பளிச்சென்ற பலனும் வரவில்லை. 1980-இல் பெரியம்மையே ஒழிந்துவிட்டதாக அறிவித்த பிறகு மருந்தையும் மறந்துவிட்டார்கள். ஆனாலும் உலகின் முதல் வைரஸ் மருந்துகளில் ஒன்று நம் சென்னையில் சோதித்தது என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குடும்பத்திலேயே நைட்ரஜனில் மெத்திலுக்குப் பதிலாக மார்ஃபோலின், பிப்பெரிடின் என்று வால் சேர்த்து ஒன்பது செய்தேன். டி-1 முதல் டி-9 வரை. டி என்றால் தருமபுரி.

முதலில் போன ஆய்வகத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வேறு ஊர், விலை குறைவு, 14,000 ரூபாய்க்கு மூன்று வாரத்தில் ஒன்பதுக்கும் அறிக்கை. ஏழுக்கு "நல்ல வைரஸ் எதிர்ப்புத் திறன்" என்று போட்டிருந்தார்கள். வகுப்புக்கே மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். என் வழிகாட்டி அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "செல் உயிரோட இருந்துச்சாம்மா?"

அறிக்கையில் அது இல்லை. வைரஸ் தானாகப் பெருகாது, செல்லுக்குள் புகுந்துதான் பெருகும். தட்டில் செல்லைப் படரவிட்டு வைரஸை ஏற்றினால், செல் செத்த இடமெல்லாம் வட்ட வட்டமாக ஓட்டை விழும். அந்த ஓட்டை குறைந்தால் மருந்து வேலை செய்கிறது என்று கணக்கு. ஆனால் என் பொடியே செல்லை நோகடித்தாலும் ஓட்டை குறையும், ஏனென்றால் அரைப் பிணமான செல்லில் வைரஸுக்கும் வேலை ஓடாது. மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்திய கதை. பூச்சி செத்தது உண்மைதான். எந்த அளவில் செல் சாகிறது என்று தனியாகப் பார்த்தீர்களா என்று போன் செய்து கேட்டேன். "அதுக்குத் தனி சார்ஜ் மேடம், நீங்க கேக்கலையே" என்றார்கள். மைசூர்பாகுக் காசும் போச்சு.

சரி, இப்போது ஓசூருக்கு வருவோம். தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு மாடிக் கட்டிடம், வெளியே பெயர்ப்பலகை கூட ஒழுங்காகத் தெரியாது. ஆட்டோக்காரர் இரண்டு முறை சுற்றினார். உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றச் சொல்லி நீலச் செருப்பு ஒன்று கொடுத்தார்கள், என் காலுக்குப் பெரிசு. வரவேற்பில் காபி இல்லை, மின்விசிறி சத்தம் அதிகம். இதெல்லாம் எனக்குக் குறையாகத் தெரியவில்லை. குப்பியை வாங்கியவர்கள் பணத்தைப் பற்றிப் பேசும் முன்பே கேள்வி கேட்டது பிடித்திருந்தது. தூய்மை எவ்வளவு, அதைக் காட்டும் எச்.பி.எல்.சி. வரைபடம் எங்கே, மூலக்கூறு எடை என்ன, டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரைகிறதா, வெளிச்சம் பட்டால் நிறம் மாறுமா, கடைசியாக எதில் கழுவினீர்கள். கடைசிக் கேள்விக்கு அலட்சியமாக "ஆல்கஹால், தண்ணி" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தண்ணீர் பின்னால் வரும்.

கொரோனா வைரஸில் சோதிக்க முடியுமா என்று கேட்டேன், ஆசைதான். அதை வளர்க்க மூன்றாம் நிலை பாதுகாப்பு அறை வேண்டும், எங்களிடம் இரண்டாம் நிலைதான் என்று மேலாளர் நேராகச் சொன்னார். எச்.எஸ்.வி-1, அதாவது உதட்டுக் கொப்புளம் வரவைக்கும் ஹெர்பிஸ் வைரஸ், அதில் செய்வோம் என்றார். இல்லாத வசதியை இருப்பதாகக் காட்டிக்கொள்ளாததற்கு ஒரு மதிப்பெண் போட்டேன்.

சோதனை நடக்கும் விதத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கவிட்டார்கள். காட்டியது ஒரு பாலக்கோட்டுப் பெண், நுண்ணுயிரியல் எம்.எஸ்சி. முதல் பத்து நிமிடம் மேடம், நான் தருமபுரி என்றதும் அக்கா. அவர்கள் வைத்திருப்பது வீரோ செல். 1962-இல் ஜப்பானில் சீபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்த்தது, இன்றுவரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. எஸ்பெராண்டோ மொழியில் பச்சைச் சிறுநீரகம் என்பதைச் சுருக்கி வைத்த பெயராம், அதே மொழியில் வீரோ என்றால் உண்மை என்றும் பொருள். அந்தப் பெண் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

முதலில் வைரஸே இல்லாமல் என் பொடியை மட்டும் எட்டு அளவுகளில் செல்லில் விட்டு, எந்த அளவில் பாதி செல் சாகிறது என்று பார்த்தார்கள். அது சி.சி.50. அதற்குக் கீழே உள்ள அளவுகளில் மட்டும் வைரஸைச் சேர்த்து, எந்த அளவில் வைரஸ் பாதியாகக் குறைகிறது என்று பார்த்தார்கள். அது இ.சி.50. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். பத்துக்கு மேல் வந்தால் பேசலாம் என்பது இந்தத் துறையில் பொதுவான பேச்சு.

செல் உயிரோடு இருக்கிறதா என்பதை எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயம் சொல்லும். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும், ஊதா கூடினால் உயிர் கூட. என் பொடிகளும் மஞ்சள், அதனால் அவர்கள் சாயம் போடும் முன்பு என் பொடியைக் கழுவி எடுத்தார்கள். அதோடு விடாமல், சோதனைத் தட்டில் செல்லே இல்லாத குழியில் என் பொடியையும் சாயத்தையும் மட்டும் போட்டுப் பார்த்தார்கள். டி-3 செல் இல்லாமலே ஊதா ஆனது! கந்தகம் உள்ள சில சேர்மங்கள் இந்தச் சாயத்தைத் தாமே ஊதாவாக மாற்றிவிடும். முதல் ஆய்வகத்தில் டி-3-க்குச் செல் பரிசோதனையே செய்திருந்தாலும் "நச்சு இல்லை" என்றுதான் வந்திருக்கும். டி-9 செல் வளரும் திரவத்தில், அதாவது ஊடகத்தில், சேர்ந்ததும் ஊசி ஊசியாகப் படிந்துவிட்டது, நுண்ணோக்கிப் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அதற்கு எண்ணே கொடுக்கவில்லை, "கரையவில்லை" என்று மட்டும் எழுதினார்கள். எண் கொடுத்திருந்தால் நான் சந்தோஷமாக அட்டவணையில் போட்டிருப்பேன்.

இப்போது குறை. ஆறு வாரம் என்றார்கள், பதினொரு வாரம் ஆனது. மாங்காய் லாரி போகும் ஜூனில் கொடுத்தது, ஆகஸ்ட் முடிந்துதான் வந்தது. காரணம் செல்லில் மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சின்ன பாக்டீரியாவின் தொற்று. கண்ணுக்குத் தெரியாது, ஊடகம் கலங்காது, ஆனால் எல்லா எண்ணையும் கெடுக்கும். கண்டுபிடித்ததும் மொத்தத்தையும் கொட்டிவிட்டு, உறைய வைத்திருந்த புதுக் குப்பியிலிருந்து மறுபடி வளர்த்தார்கள். செய்தது சரி. ஆனால் நான் மூன்று முறை போன் செய்த பிறகுதான் இதைச் சொன்னார்கள். அதுவரை "நடந்துட்டு இருக்கு மேடம்". ஆய்வுக் குழுக் கூட்டத்துக்குத் தேதி குறித்தவளுக்கு அந்த வார்த்தை எப்படி இருக்கும் என்று பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு வரி மின்னஞ்சல் போதும், அதற்குக் கூட ஆள் இல்லையா? இதற்காக முழு ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டேன், சமாதானம் ஆகவில்லை.

வைரஸ் பகுதி முடிவு: ஒன்பதில் ஆறு ஒன்றுக்கும் ஆகாது, டி-3-ஐயும் டி-9-ஐயும் எண்ண முடியாது. மிஞ்சியது டி-7. சி.சி.50 118 மைக்ரோமோலார், இ.சி.50 16. வகுத்தால் ஏழரைக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்திலேயே ஒப்பிட ஹெர்பிஸுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் மருந்தை ஓட்டியிருந்தார்கள், அது என்னுடையதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏழு "நல்ல திறன்" ஒரு சுமாரான திறனாகச் சுருங்கியது. ஆனால் இந்த ஒன்றை யார் கேட்டாலும் நான் தைரியமாகச் சொல்வேன்.

எதிர்ப்புசக்தி பகுதிக்குத் தனியாக எழுத வேண்டும். அதை ஏன் தனியாகச் செய்ய வேண்டும் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. 1957-இல் ஐசக்ஸும் லிண்டன்மனும் கண்டுபிடித்த இன்டர்ஃபெரான், வைரஸ் நுழைந்ததும் செல் பக்கத்துச் செல்களுக்கு அனுப்பும் எச்சரிக்கை. வீரோ செல்லுக்கு அதைச் சுரக்கத் தெரியாது. வைரஸ் செழிப்பாக வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் எதிர்ப்புசக்தியைத் தூண்டி வேலை செய்யும் சேர்மம் வீரோவில் ஊமையாகவே இருந்துவிடலாம். இதற்கு எலியின் மேக்ரோஃபேஜ் செல்களை எடுப்பார்கள். கிருமியை விழுங்கும் வகைச் செல். அது தூண்டப்பட்டால் நைட்ரிக் ஆக்சைடு விடும், கிரீஸ் (Griess) என்பவர் பெயரில் உள்ள சோதனைக் கரைசலைச் சேர்த்தால் ரோஜா நிறம் வரும். ஓசூரில் ரோஜா நிறத்துக்கா பஞ்சம் என்று மேலாளர் ஒரு ஜோக் அடித்தார், சிரித்து வைத்தேன்.

டி-2, டி-5, டி-7 மூன்றும் நல்ல ரோஜா. எனக்குக் கால் தரையில் இல்லை. வைரஸையும் தடுத்து எதிர்ப்புசக்தியையும் தூண்டும் டி-7! ஆய்வேட்டின் தலைப்பையே மாற்றலாமா என்று யோசித்தேன். வீட்டில் அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப நிலவேம்பு மாதிரியா?" என்று கேட்டார். அதைவிட மேல் என்று சொன்ன ஞாபகம்.

இரண்டு நாள் கழித்துப் பாலக்கோட்டுப் பெண் போன் செய்தாள். "அக்கா, இதுல ஒண்ணு இடிக்குது. அளவக் குறைச்சாலும் பதில் குறையல. மூணு பொடிக்கும் அமைப்புல ஒத்துமையே இல்ல, ஆனா மூணும் ஒரே மாதிரி பதில் குடுக்குது. நீங்க அத எதுல கழுவினீங்க?"

நோட்டைப் புரட்டினேன். அந்த மூன்றை மட்டும் கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீரில் கழுவியிருந்தேன், மூன்றும் ஒரே நாள். எங்கள் ஊர் போர்த் தண்ணீரில் புளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த கதை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். நான் அதை நினைத்துத்தான் கவனமாக வடித்த தண்ணீர் எடுத்தேன். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் கேன் நாலு நாள் விடுமுறை முழுக்க மூடி சரியாக மூடாமல் நின்றிருந்தது. வடித்த தண்ணீரிலும் வாழத் தெரிந்த பாக்டீரியாக்கள் உண்டு. அவை செத்தாலும் அவற்றின் மேலுறையில் உள்ள எண்டோடாக்சின் என்ற பொருள் தண்ணீரில் தங்கும். அதில் துளியூண்டு பட்டாலே மேக்ரோஃபேஜ் அலறும். நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வைத்தால் பாக்டீரியா சாகும், எண்டோடாக்சின் அசையாது. அது அழிய உலர்ந்த சூட்டில் 250 டிகிரி, அரை மணி நேரம் வேண்டும். பதினெட்டு வருடமாக வேதியியல் நடத்துகிறேன், இது எனக்குத் தெரியாது.

அவர்கள் இரண்டு விதமாகச் சரிபார்த்தார்கள். எண்டோடாக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாலிமிக்சின்-பி என்ற மருந்தை என் பொடியோடு சேர்த்து ஓட்டினார்கள், ரோஜா நிறம் காணாமல் போனது. அடுத்தது எல்.ஏ.எல். சோதனை. அமெரிக்கக் கடற்கரை லாட நண்டின் நீல இரத்தத்திலிருந்து எடுக்கும் சாறு அது, எண்டோடாக்சின் இருந்தால் கூழாக உறையும். குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துப் படம் அனுப்பினாள். என் மூன்று குழாயும் உறைந்து நின்றன. நான்காவது குழாயில் டி-4, ஆல்கஹாலில் கழுவியது, தண்ணியாக வழிந்திருந்தது.

அன்று அவர்கள் மேல் கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. இவர்களுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை, நான் கேட்டேனா? முதல் ஆய்வகம் மாதிரி அறிக்கை கொடுத்திருந்தால் நான் கட்டுரை எழுதியிருப்பேன். அந்த நினைப்பு வந்து போகக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மறு சோதனைக்கு, அவர்களே 250 டிகிரியில் சுட்டு அலுமினியத் தாளில் சுற்றிய குப்பிகளையும், ஊசிமருந்துக்குப் பயன்படுத்தும் தூய தண்ணீரையும் கொடுத்தனுப்பினார்கள். மூன்றையும் மறுபடி ஆல்கஹாலில் படிகமாக்கினேன். டிசம்பரில் கொண்டுபோனேன். ஓசூர்க் குளிரில் டி.எம்.எஸ்.ஓ. கரைசல் உறைந்து கட்டியாகியிருந்தது, அது பதினெட்டரை டிகிரிக்குக் கீழே போனால் உறையும். பாதி உருகியதை எடுத்தால் அளவு தப்பும் என்று முழுவதும் உருகி ஒன்றாகக் கலக்கும் வரை காத்திருந்தார்கள், நானும் ஸ்வெட்டரோடு காத்திருந்தேன். முடிவு: மூன்றும் தட்டை, ரோஜா நிறமே இல்லை. டி-7 உட்பட. எதிர்ப்புசக்தி அத்தியாயம் ஆய்வேட்டிலிருந்து போனது. அதற்குப் பதிலாக இந்தத் தண்ணீர்க் கதையை முறைகள் பகுதியில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். வழிகாட்டி அதை மட்டும் ஒரு திருத்தமும் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

செலவு: 58,000, அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ஆக 68,440. சீட்டு எடுத்துக் கட்டினேன். மறு சோதனைக்குப் பாதி விலை வாங்கினார்கள், வரியோடு 8,850. தப்பு என்னுடையது, அதனால் பேரம் பேச வாய் வரவில்லை. பாலிமிக்சினுக்கும் நண்டுச் சாற்றுக்கும் தனியாக எதுவும் போடவில்லை. ஒவ்வொரு குழியின் மூல எண்களையும் எக்செலில் கேட்காமலே அனுப்பினார்கள். மிச்சப் பொடியைத் திருப்பித் தருவோம் என்றார்கள், இன்னும் வரவில்லை, டி-4 எனக்கு வேண்டும். அறிக்கையின் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. பத்துக்கு ஏழரை கொடுக்கிறேன். போன் எடுத்து உண்மையைச் சொல்ல ஒரு ஆள் போட்டால் எட்டரை.

அனுப்பப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சி.சி.50 சேர்த்துத்தானே, செல் இல்லாத குழி ஓட்டுவீர்களா, எதிர்ப்புசக்திச் சோதனை என்றால் எண்டோடாக்சின் பார்ப்பீர்களா. மூன்றாவது கேள்விக்கு எதிர்முனை அமைதியானால் போனை வைத்துவிடலாம்.

டி-7-இன் மார்ஃபோலின் வாலை மாற்றி மேலும் நான்கு செய்திருக்கிறேன். அடுத்த வாரம் அதே டிபன் பாக்ஸில் கிளம்புகிறது. வருகிறேன் என்று பாலக்கோட்டுப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். பதில் உடனே வந்தது: "வாங்கக்கா. இந்தத் தடவை தண்ணி எங்க புடிச்சீங்க?"